வானத்துத் தூசை எங்கே நின்று பிடிப்பது?

அண்டார்க்டிகாவின் நடுப்பகுதியில் உள்ள கான்கார்டியா ஆய்வு நிலையத்தைச் சுற்றிலும் பனியை வெட்டி எடுத்து, உருக்கி, வடிகட்டிப் பார்த்த பிரெஞ்சு ஆய்வாளர்கள், விண்ணிலிருந்து பூமியின் தரையை வந்தடையும் நுண்தூசு ஆண்டுக்கு ஏறத்தாழ 5,200 டன் என்று 2021-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அதைப் பூமியின் மொத்தப் பரப்பால் வகுத்தால், ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வருகிறது. எங்கள் கடலூர் மாவட்டத்தின் பரப்பு சுமார் 3,700 சதுர கிலோமீட்டர். ஆகவே மாவட்டம் முழுவதற்கும் ஆண்டுக்கு 37 கிலோ, ஆயிரம் சதுர அடி கொண்ட ஒரு வீட்டின் மொட்டை மாடிக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம். சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்த பொருள் நம் தட்டோட்டின் மேல் வந்து கிடக்கிறது என்பதில் ஐயமில்லை. அந்த 1 மில்லிகிராமை மற்றவற்றிலிருந்து பிரித்தெடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

புதுச்சேரியில் முதுகலை இயற்பியல் படிக்கும் என் தங்கை மகள், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு எங்கள் மாடியின் மழைநீர்க் குழாய்வாயில் தங்கியிருந்த வண்டலைக் கழுவி, காந்தத்தால் இழுத்து, கல்லூரி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டுப் படங்களை எனக்கு அனுப்பினாள். கறுப்பாக, பளபளப்பாக, உருண்டை உருண்டையாக நிறைய இருந்தன. "மாமா, இதெல்லாம் விண்கல் தூசுதானே?" என்று கேட்டாள். "நெய்வேலி எந்தத் திசையில் இருக்கிறது என்று முதலில் பாரம்மா" என்றேன்.

கேலிக்காக அப்படிச் சொல்லவில்லை. அனல் மின் நிலையத்தில் பழுப்பு நிலக்கரி எரியும்போது, அதிலுள்ள கனிமங்கள் உருகி, காற்றிலேயே குளிர்ந்து, மிகச் சீரான கோளங்களாக உறைகின்றன; அவற்றுள் இரும்பு மிகுந்தவை காந்தத்தில் ஒட்டும். வளிமண்டலத்தில் உருகிய விண்தூசும் அதே காரணத்தால் அதே வடிவத்தைத்தான் அடைகிறது. இதோடு தீபாவளிப் பட்டாசின் உலோகத் துளிகள், பட்டறைகளில் வெல்டிங் செய்யும்போது தெறிக்கும் பொறிகள், கேப்பர் மலைச் செம்மண்ணின் இரும்பு ஆக்சைடு, தேவனாம்பட்டினம் கரையில் அலை ஒதுக்கிவைக்கும் கறுப்பு மணல் ஆகிய எல்லாமும் சேர்ந்துகொள்கின்றன. நார்வேயைச் சேர்ந்த யோன் லார்சன் என்ற இசைக் கலைஞர் ஐரோப்பிய நகரங்களின் கூரைகளில் இந்தத் தேடலைப் பல ஆண்டுகள் விடாமல் செய்தவர். 2017-இல் வெளியான ஆய்வறிக்கையின்படி, 300 கிலோ கூரை வண்டலிலிருந்து கிடைத்த நுண்விண்கற்கள் ஏறத்தாழ 500. அவை விண்ணிலிருந்து வந்தவை என்று உறுதிப்படுத்தியது உருண்டை வடிவமோ காந்த ஈர்ப்போ அன்று. எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டிய படிக அமைப்பும் தனிமங்களின் விகிதமுமே. கடலூரில் இதைச் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நுண்ணோக்கிப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு விண்தூசு என்று பெயர் எழுதி ஒட்டுவது சரியாகாது.

சிப்காட் வளாகத்தில் ஒரு வேதித் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு லேபில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால், எந்தப் பகுப்பாய்வு முடிவைக் கண்டாலும் நான் முதலில் கேட்பது மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்பதைத்தான். இரண்டாவதாக, பிளாங்க் ஓட்டினார்களா என்று கேட்பேன். அதாவது, எதுவும் சேர்க்காத வெற்று மாதிரியை அதே குடுவை, அதே கரைப்பான், அதே கருவி வழியாக அனுப்பி, நம் கையிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் என்னென்ன கலக்கின்றன என்று பார்ப்பது. கோளிடைத் தூசைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது என்னை அதில் பிடித்து நிறுத்தியது வானத்தின் அழகு அன்று, இந்த இரண்டு கேள்விகளும்தான். அரை நூற்றாண்டாக அந்தத் துறை வளர்ந்திருக்கும் விதத்தை, தூசை மேலும் மேலும் சுத்தமான இடத்திலும் மேலும் மேலும் மென்மையாகவும் பிடிக்க மனிதர்கள் செய்த முயற்சி என்றே நான் படிக்கிறேன்.

தூசுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். அருங்காட்சியகங்களில் உள்ள விண்கற்கள், வளிமண்டலத்தின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கித் தரையை அடைந்த கெட்டியான பாறைகள். பொலபொலவென்று உதிரக்கூடிய வால்நட்சத்திரப் பொருள் அந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறுவதில்லை. தூசு அளவில் வந்தால் தேறிவிடும். ஆகவே சூரியக் குடும்பத்தின் வெளிப்புறக் குளிரில் நாலரை நூறு கோடி ஆண்டுகளாக உறைந்து கிடந்த பொருளின் மாதிரி நமக்கு மலிவாகக் கிடைக்கும் ஒரே வடிவம் தூசுதான். வால்நட்சத்திரங்கள் உதிர்ப்பதும், சிறுகோள்கள் ஒன்றோடொன்று மோதிச் சிதறுவதும் இந்தத் தூசை ஓயாமல் நிரப்பிக்கொண்டிருக்கின்றன. பத்து முதல் நூறு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள துகள்கள், சூரிய ஒளியை வாங்கி வெளியிடுவதாலேயே தங்கள் சுற்று வேகத்தைச் சிறிது சிறிதாக இழந்து, சில ஆயிரம் முதல் சில இலட்சம் ஆண்டுகளுக்குள் சூரியனை நோக்கிச் சுருண்டு செல்கின்றன. வழியில் பூமி குறுக்கிட்டால் நம்மிடம் விழுகின்றன. 1683-இல் ஜியோவன்னி கஸ்ஸினி ஆராய்ந்து எழுதிய, விடியலுக்கு முன் கீழ்வானில் கூம்பாகத் தெரியும் மங்கலான வெளிச்சம் இந்தத் தூசுப் படலத்தின் மேல் படும் சூரிய ஒளியே. வெப்பமண்டலத்தில் அந்தக் கூம்பு அடிவானத்தின் மேல் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்பதால், புதுச்சேரியின் விளக்கொளியிலிருந்து விலகிய ஒரு கடற்கரையில், நிலவில்லாத தெளிந்த வானம் அமைந்தால், வங்கக் கடலின் மேல் அதைப் பார்க்கலாம்.

துகள் சிறியதாக இருந்தால் எரியாமல் தப்பும் என்பதை விளக்கியவர் அமெரிக்க வானியலாளர் ஃபிரெட் விப்பிள். 1950-இல் அவர் எழுதியதன் சாரம் எளிமையானது. பருமனைக் காட்டிலும் மேற்பரப்பு மிகுந்த நுண்துகள், தரைக்கு மேலே 80 முதல் 100 கிலோமீட்டர் உயரத்தில், காற்று மிக மெலிந்திருக்கும் இடத்திலேயே வேகத்தை இழந்துவிடுகிறது. உண்டாகும் வெப்பத்தை உருகுவதற்கு முன்பே கதிர்வீசித் தள்ளிவிடுகிறது. நொடிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வந்த துகள், அடுக்குமண்டலத்தை அடையும்போது நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். வேகம் குறைந்த அளவுக்கு நெரிசல் கூடும்; ஆகவே விண்வெளியில் இருப்பதைவிட 20 கிலோமீட்டர் உயரத்தில் அதே தூசு பத்து இலட்சம் மடங்கு செறிவாக இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் பிரவுன்லீ இதைப் பயன்படுத்திக்கொண்டு, 1970-களில் உளவு விமானமாகப் பெயர்பெற்ற யூ-2 வகை விமானங்களில், சிலிக்கோன் எண்ணெய் தடவிய தட்டுகளை நீட்டித் தூசு சேகரித்தார். 1981 முதல் நாசாவின் ஜான்சன் மையம் அந்தப் பணியை நிலையான திட்டமாக நடத்திவருகிறது. உள்ளங்கையைவிடச் சிறிய, முப்பது சதுர சென்டிமீட்டர் தட்டு ஒன்றை அந்த உயரத்தில் ஒரு மணி நேரம் பறக்கவிட்டால், பத்து மைக்ரான் அளவுள்ள விண்துகள் ஏறத்தாழ ஒன்று மாட்டும். அதன் எடை ஒரு நானோகிராம் அளவுதான்.

அந்த உயரத்திலும் பிளாங்க் சுத்தமாக இல்லை. 1982-இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்தபோது தட்டுகளில் எரிமலைச் சாம்பல் நிறைந்தது. திட எரிபொருள் ராக்கெட்டுகள் விட்டுச்சென்ற அலுமினிய ஆக்சைடு உருண்டைகளும் அங்கே மிதக்கின்றன. நெய்வேலிக் கோளங்களுக்கு அவை தூரத்து உறவு. அப்படியானால் விண்துகளை அடையாளம் காண்பது எப்படி? சூரியக் காற்றிலிருந்து பதிந்த ஹீலியமும் நியானும் துகளின் புறத்தோலில் இருக்கும். சூரிய வெடிப்புகளின் ஆற்றல்மிக்க அயனிகள் படிகங்களைத் துளைத்துச் சென்ற தடங்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கோடுகளாகத் தெரியும். சிலவற்றில், பூமியின் நீரில் உள்ளதைவிடப் பன்மடங்கு டியூட்டீரியம் என்னும் கன ஹைட்ரஜன் இருக்கும். இவற்றை அனல் மின் நிலையமும் எரிமலையும் போலி செய்ய முடியாது. இந்தச் சோதனையில் தேறியவற்றுள், நுண்துளைகள் மலிந்த ஒருவகைத் துகள்கள் மிகப் பழமையானவை என்று கருதப்படுகின்றன. ஒரு மைக்ரானுக்கும் குறைந்த கண்ணாடி மணிகளுக்குள் உலோகமும் சல்ஃபைடும் புதைந்திருக்கும் அமைப்பு அவற்றில் ஏராளம். ஆனால் சிலிக்கோன் எண்ணெயைக் கழுவ ஹெக்ஸேன் ஊற்ற வேண்டியிருந்தது. கரிமப் பொருளை ஆராய்கிறவருக்கு எண்ணெயும் கரைப்பானும் இரண்டும் பகை. எண்ணெயே இல்லாத நுரைத் தட்டுகளைப் பின்னாளில் பறக்கவிட்டதற்குக் காரணம் அதுதான்.

அடுத்த படி விண்வெளியிலேயே பிடிப்பது. அங்கே எரிமலையும் மண்ணும் இல்லை. ஆனால் துகளை மெல்லத் தடுத்து நிறுத்தக் காற்றும் இல்லை. 1984 ஏப்ரலில் சேலஞ்சர் விண்ணோடம், எல்டெஃப் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பன்னிரு பக்க உருளை ஒன்றைச் சுற்றுப்பாதையில் விட்டது. ஓராண்டுக்குள் எடுத்துவருவதாகத்தான் திட்டம். 1986-இல் சேலஞ்சர் விபத்து நேர்ந்து எல்லாம் தள்ளிப்போனதால், 1990 ஜனவரியில்தான் கொலம்பியா அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்தத் தாமதம் தூசு ஆய்வாளர்களுக்கு நன்மையாக முடிந்தது. விண்வெளியைப் பார்த்தபடி இருந்த அலுமினியத் தகடுகளில் ஐந்தே முக்கால் ஆண்டுகள் விழுந்த பள்ளங்களை அளந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 டன் தூசு பூமியின் மேல் வந்து மோதுகிறது என்று ஸ்டான்லி லவ்வும் பிரவுன்லீயும் 1993-இல் கணக்கிட்டார்கள். இருமருங்கும் 20,000 டன் பிழை எல்லை வைத்தார்கள். அந்தப் பிழை எல்லையை மறைக்காமல் எழுதியதற்காகவே அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. கான்கார்டியாவின் 5,200 டன்னுக்கும் இந்த 40,000 டன்னுக்கும் முரண்பாடு என்று கொள்ள வேண்டியதில்லை. ஒன்று தரையில் குறிப்பிட்ட அளவுள்ள துகளாக எஞ்சியது, மற்றது வளிமண்டலத்துக்கு மேலே வந்து சேர்வது. இடையில் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது.

பள்ளம் அளவைச் சொல்லும், பொருளைச் சரியாகச் சொல்லாது. நொடிக்குப் பதினைந்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் உலோகத்தில் மோதும் துகள் பெரும்பாலும் உருகியும் ஆவியாகியும் போய், பள்ளத்தின் சுவரில் ஒரு பூச்சாக மட்டுமே மிஞ்சுகிறது. அதற்காக வந்ததுதான் ஏரோஜெல். 1931-இல் சாமுவேல் கிஸ்ட்லர் உருவாக்கிய இந்தச் சிலிக்கா நுரையின் கன அளவில் 99 விழுக்காட்டுக்கு மேல் வெற்றிடமே. வைக்கோல் போருக்குள் எறிந்த கல்லைப் போல, துகள் அதனுள் துளைத்துச் சென்று படிப்படியாக வேகம் இழந்து நிற்கிறது. நுழைந்த இடத்தில் அகன்றும் போகப்போகக் குறுகியும் இருக்கும் தடத்தின் முனையில் அதைத் தேடி எடுக்கலாம். ஆனால் பூமியைச் சுற்றும் பாதையில் இந்த வலையை விரித்தால் வேறொரு தொல்லை. 1996-97-இல் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தின் வெளிப்புறம் பொருத்தப்பட்ட ஏரோஜெல்லில் இயற்கையான தூசோடு, விண்கலங்களின் பெயின்ட் செதில்களும், ராக்கெட் எரிபொருளின் எச்சமும், வெளியேற்றப்பட்ட மனிதக் கழிவுநீரின் துளிகளும் சிக்கியிருந்தன. தரையை விட்டு முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் மேலே போயும் மனிதன் அங்கேயும் மொட்டை மாடி வண்டலை உண்டாக்கி வைத்திருக்கிறான்.

ஆகவேதான் 1999 பிப்ரவரியில் புறப்பட்ட ஸ்டார்டஸ்ட் விண்கலத்தை இத்துறையின் நடுத்தூண் என்பேன். அது 2004 ஜனவரி 2 அன்று வில்ட் 2 என்ற வால்நட்சத்திரத்தைச் சுமார் 240 கிலோமீட்டர் தொலைவில் கடந்து, டென்னிஸ் மட்டை அளவிலான ஏரோஜெல் தட்டை நீட்டி, அதன் தூசைப் பிடித்தது. சந்திப்பு வேகம் நொடிக்கு 6.1 கிலோமீட்டராக இருக்கும்படி பாதையைத் தேர்ந்தெடுத்ததில்தான் திட்டத்தின் சாமர்த்தியம். 2006 ஜனவரி 15 அன்று கலன் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. அதற்கு முன், 2004 செப்டம்பரில், சூரியக் காற்றைச் சேகரித்துவந்த ஜெனிசிஸ் கலன், உணர்விகள் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்ததால் பாராசூட் விரியாமல் அதே பாலைவனத்தில் மோதி நொறுங்கியிருந்தது. ஸ்டார்டஸ்ட் இறங்கிய அன்று அந்தக் குழுவினர் எப்படி மூச்சை அடக்கிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

வந்து சேர்ந்த பொருள் மொத்தமாக ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. என் மாடியின் ஓராண்டு வரவைக்கூட அது எட்டவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதில் ஐயமே இல்லை என்பதால், அதன் மதிப்பு வேறு. குளிர்ப் பிரதேசத்தில் பிறந்த வால்நட்சத்திரத்தில், சூரியனுக்கு மிக அருகே, ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் மட்டுமே உருவாகக்கூடிய கால்சியம்-அலுமினியக் கனிமங்கள் இருந்தன. சூரியக் குடும்பம் உருவானபோது உட்புறப் பொருள் வெளிப்புறம் வரை அள்ளிச் செல்லப்பட்டிருக்கிறது என்ற முடிவை அந்தச் சில துகள்கள் தவிர்க்க முடியாததாக்கின.

பகுப்பாய்வாளனாக எனக்கு அதைவிடப் பிடித்தது கிளைசின் கதை. எளிய அமினோ அமிலமான கிளைசின் ஸ்டார்டஸ்ட் மாதிரிகளில் தென்பட்டது. கூடவே நைலான்-6 சிதைந்தால் வரும் அமிலமும் இருந்தது. மாதிரிகளைப் பாதுகாக்கப் பயன்பட்ட நைலான் பைகளிலிருந்து அது வந்திருந்தது. அப்படியானால் கிளைசினும் பையிலிருந்துதான் வந்ததா? குழுவினர் அவசரப்படவில்லை. கிளைசினில் எடை வேறுபட்ட கார்பன் அணுக்களின் விகிதத்தை, அதாவது ஐசோடோப் விகிதத்தை, அளந்தார்கள். பூமியின் உயிர்ப்பொருளில் இருப்பதைவிடக் கார்பன்-13 அதில் மிகுந்திருந்தது, நைலான் சேர்மத்திலோ அப்படி இல்லை. அதன் பிறகே, 2009-இல், வால்நட்சத்திரத்துக் கிளைசின் என்று அறிவித்தார்கள். ஒரு மாதிரியின் தூய்மையின்மையை ஒளிக்காமல், அதையே ஒப்பீட்டுக்குப் பயன்படுத்திக்கொண்ட இந்த வேலையை எந்த லேபிலும் பாடமாக வைக்கலாம்.

ஏரோஜெல்லும் முற்றிலும் நிரபராதி அன்று. ஒரு மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகள்கள் அதில் உருகிச் சிலிக்காவோடு கலந்துவிட்டன. அப்படிக் கலந்த உருகல், அடுக்குமண்டலத் தூசில் கண்ட பழமையான கண்ணாடி மணிகளை ஒத்திருந்தது என்று 2008-இல் காட்டினார்கள். பிடிக்கும் முறையே போலிச் சான்றை உண்டாக்கிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அதே தட்டின் மறுபக்கம், சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வரும் விண்மீனிடைத் தூசுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் இணையத்தில் படங்களைச் சலித்து உதவினார்கள். 2014-இல் தேறியவை ஏழே ஏழு துகள்கள். கழிக்கப்பட்ட தடங்களில் பல, விண்கலத்தின் சொந்த உறுப்புகளில் மோதல் நிகழ்ந்து தெறித்தவை.

துகளைக் கொண்டுவராமலே ஆராயும் வழியும் உண்டு. சனிக் கோளைச் சுற்றிய கஸ்ஸினி விண்கலத்தின் தூசுப் பகுப்பாய்வுக் கருவியில், மோதும் துகள் அங்கேயே அயனி முகிலாக மாறும். அந்த அயனிகள் உணர்வியை அடைய எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு நிறை கணக்கிடப்படும். இலட்சக்கணக்கான மோதல்களிலிருந்து, வேகத்தையும் திசையையும் வைத்து விண்மீனிடைத் துகள்கள் என்று பிரித்தெடுத்தவை 36. ஒவ்வொரு துகளையும் ஒரு முறைதான் அளக்க முடியும் என்பது இம்முறையின் விலை. மறு பகுப்பாய்வுக்குக் கையில் எதுவும் மிஞ்சாது. நேர் எதிரானது ஐரோப்பிய விண்கலமான ரொசெட்டாவின் கோசிமா கருவி. 2014 முதல் 2016 வரை 67பி வால்நட்சத்திரத்தோடு ஒட்டியே பயணித்ததால், தூசு நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் தட்டுகளில் வந்து படிந்தது. உருகவில்லை, ஆவியாகவில்லை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துகள்கள். எடையில் ஏறத்தாழ பாதி கரிமப் பொருள். வேகமான மோதல்களில் முதலில் அழிவது கரிமப் பொருளே என்பதை நினைத்தால், முந்தைய முறைகள் எவ்வளவைத் தவறவிட்டிருக்கும் என்று விளங்கும். ஒரே முறையைத் தேர்ந்தெடு என்றால் நான் மெதுவான சந்திப்பைத்தான் தேர்ந்தெடுப்பேன், எவ்வளவு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தாலும்.

இந்தியாவும் இதில் இறங்கிவிட்டது. 2024 ஜனவரி 1 அன்று எக்ஸ்போசாட் என்னும் எக்ஸ்-கதிர் ஆய்வுச் செயற்கைக்கோளை ஏற்றிச் சென்ற பிஎஸ்எல்வி-சி58 ராக்கெட்டின் நான்காம் அடுக்கு, செயற்கைக்கோளை விட்ட பிறகு 350 கிலோமீட்டர் உயரத்துக்கு இறக்கப்பட்டு, போயம்-3 என்ற சோதனை மேடையாகச் சுற்றியது. அதில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் உருவாக்கிய டெக்ஸ் என்னும் தூசு உணர்வியும் இருந்தது. மூன்று கிலோ எடை, ஐந்து வாட்டுக்கும் குறைந்த மின்சாரம். ஏறத்தாழ ஆயிரம் நொடிகளுக்கு ஒரு மோதலை அது பதிவு செய்தது. இவ்வளவு சிக்கனமான கருவியில் முதல் முயற்சியிலேயே எண்ணிக்கை கிடைத்தது பெரிய செய்தி. நம் நாளிதழ்கள் அதற்கு ஒரு பத்திக்கு மேல் இடம் தந்ததாக எனக்கு நினைவில்லை. ஆயினும் எண்ணிக்கை மட்டும் ஒரு துகளின் பிறப்பிடத்தைச் சொல்லாது; அந்த உயரத்தில் மிர் கண்ட பெயின்ட் செதில்களும் உண்டு. அடுத்த கருவி பொருளையும் சொல்ல வேண்டும், அதற்கடுத்தது பொருளைக் கொண்டுவர வேண்டும்.

கொண்டுவரும் வித்தை நமக்குப் புதிதன்று. 2007 ஜனவரி 10 அன்று ஏவப்பட்ட இஸ்ரோவின் எஸ்ஆர்இ-1 கலன், ஜனவரி 22 அன்று பாராசூட்டில் இறங்கி இதே வங்கக் கடலில் மிதந்தது. மீட்டுக் கரை சேர்த்தார்கள். பன்னிரண்டு நாள்கள் என்பது பத்து இலட்சம் நொடிகளுக்குச் சற்று மேல். டெக்ஸ் அளவுள்ள பரப்பில் ஏரோஜெல் வைத்து, டெக்ஸ் கண்ட விகிதமே நீடித்தால், அத்தகைய பயணத்தில் ஆயிரம் மோதல்கள் வரை பதியும். பெரும்பாலானவை மிகச் சிறியவையாகவும், ஒரு பங்கு மனிதக் குப்பையாகவும் இருக்கும். கலன் பறக்கும்போது தட்டு வெளியே நீளவும், இறங்குவதற்கு முன் காற்றுப்புகாமல் மூடவும் ஒரு பொறியமைப்பு வேண்டும். உப்புக்காற்றும் கடல்நீரும் உள்ளே எட்டக்கூடாது. அதே தட்டில், பயணம் முழுவதும் மூடி திறக்கப்படாத ஓர் ஏரோஜெல் கட்டியும் இருக்க வேண்டும். லேபுக்கு வந்ததும் முதலில் வெட்டிப் பார்க்க வேண்டியது அந்தக் கட்டியைத்தான்.